பெத்தது ஏழு, கலைச்சது மூணு

எங்கள் காலனிக்கு நர்சம்மா பெரிய நோட்டைத் தூக்கிக்கொண்டு கணக்கெடுக்க வரும்போதெல்லாம் அம்மா ஒரே பதிலைத்தான் சொல்லும். "பெத்தது ஏழு, பொழச்சது நாலு, கலைச்சது மூணு." களையெடுத்த நாளுக்குக் கூலி கணக்குச் சொல்கிற மாதிரி சொல்லும். அதில் வெக்கமும் இருக்காது, அழுகையும் இருக்காது. நர்சம்மா எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அந்த மூணில் ரெண்டுதான் அம்மாவுடையது. மூணாவது என்னுடையது. 1993ல் நடந்தது. மகள் பேரில் அது எந்த நோட்டிலும் ஏறிவிடக் கூடாது என்று தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டது. 2011ல் சாகும்வரை அந்தக் கணக்கை மாற்றிச் சொல்லவில்லை.

இதை எழுத எனக்கு முப்பது வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நம் பத்திரிகைகளில் தலித் பெண்ணின் வயிறு வரும்போதெல்லாம் ஒன்று பசியாக வரும், இல்லாவிட்டால் ஊர்க்காரன் செய்த பலாத்காரமாக வரும். ரெண்டும் உண்மைதான். ஆனால் பிடித்துப்போய் ஒருத்தனோடு பழகி, அதில் உண்டாகி, என்ன செய்வது என்று முழித்த கதையை யாரும் எழுதுவதில்லை. இதை எழுதப் போகிறேன் என்று ஒரு தோழரிடம் சொன்னபோது, "இதனால இயக்கத்துக்கு என்னம்மா லாபம்?" என்று கேட்டார். லாப நட்டம் பார்த்து நடந்த காரியம் இல்லை தோழர் இது.

எங்கள் சேரியில் கலைப்பது பாவம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சர்ட்டிபிகேட்டில் இந்து ஆதிதிராவிடர், வீட்டுச் சுவரில் சகாயமாதா படம். எங்கள் வீடு அந்த வகை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் முட்டி போட்டுவிட்டு வந்த அதே பொம்பளைங்கதான் திங்கக்கிழமை மல்லாட்டை பறிக்கும்போது, "முழுகாம இருக்கறேன், இப்ப வேணாம், என்னா பண்றது?" என்று கேட்பார்கள். பக்கத்து வரிசையில் இருக்கிற ஆயா பப்பாளிக்காயைச் சொல்லும், எள்ளையும் கருப்பட்டியையும் சொல்லும். அதில் ஆகாவிட்டால் கடைசியாக எருக்கங்குச்சி. குச்சி என்று வரும்போது மட்டும் எல்லார் குரலும் தணிந்துவிடும். பாவத்துக்குப் பயந்து இல்லை, சாவுக்குப் பயந்து.

எதிர்வீட்டுப் பெரியம்மா 1979ல் அப்படித்தான் செத்தது. எனக்கு அப்போது ஆறு வயசு. மூணு நாள் ஜன்னி. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பாதி வழியில் முடிந்துவிட்டது. அதற்கு ஒரு மாசத்துக்கு முன்னால் அது ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டிருக்கிறது. "கு.க. ஆபரேசன் பண்ணிக்கிறியா, கழுவி விடறோம்" என்றார்களாம். ரெண்டும் பொண்ணு, ஆம்பளைப் பிள்ளை இல்லாமல் ஆபரேசனுக்குப் பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அது திரும்பி வந்துவிட்டது. வந்து குச்சிக்காரக் கிழவியைத் தேடியது.

கருவைக் கலைப்பதைக் குற்றமாகச் சொல்லும் வெள்ளைக்காரன் சட்டம் 1860ல் வந்தது. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் அதில் குற்றவாளிதான். மருத்துவர் செய்யலாம் என்று 1971ல் தனிச் சட்டம் போட்டு 1972 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக பெரியம்மா செத்தது சட்டம் வந்து ஏழு வருசம் கழித்து. அந்தச் சட்டத்தில் ஆபரேசன் பண்ணிக்கொண்டால்தான் என்று ஒரு வரிகூடக் கிடையாது. இந்த நிபந்தனை எங்கள் பக்கத்துக்காக ஆஸ்பத்திரிக்காரர்கள் சேர்த்துக்கொண்டது.

இதை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும். 1938 நவம்பரில் பம்பாய் சட்டசபையில், கருத்தடைக்கு அரசாங்கமே வசதி செய்து தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. தயாரித்தவர் பாபாசாகேப். அவர் அன்றைக்கு வர முடியாததால் அவர் கட்சிக்காரர் ரோகம் கொண்டுவந்தார். தோற்கடித்துவிட்டார்கள். இங்கே பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதும்போது, வறுமை, உடம்பு பலவீனம் என்ற காரணமெல்லாம் அப்புறம், பெண் விடுதலைக்கே அது வேண்டும் என்று எழுதினார். நம் மேடைகளில் ரெண்டு பேர் படமும் பெரிதாக இருக்கும். இந்த ரெண்டு விஷயத்தையும் யாரும் பேசி நான் கேட்டது குறைவு. மாறாக, ஒரு கூட்டத்தில், "நம்ம சனத்தொகைதான் நம்ம பலம், கலைக்கிறது அவங்களுக்குத்தான் சாதகம்" என்று ஒரு தலைவர் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. ஆம்பளைங்க பக்கத்திலிருந்து.

கலைப்பதற்கு எங்களிடம் நாலு சொல் இருந்தது. கலைக்கிறது, அழிக்கிறது, கழுவுறது, எறக்குறது. தத்துக்கு ஒரு சொல்கூட இல்லை. பிள்ளைகள் கைமாறாமல் இல்லை. அம்மாக்காரி செத்தால் சின்னம்மா வளர்க்கும், அவளும் இல்லாவிட்டால் ஆயா. ஊர்க்காரனுக்குப் பிறந்தது என்று தெருவுக்கே தெரிந்த பிள்ளையும் எங்களோடு ஒரே சட்டியில்தான் தின்றது. பத்திரமும் கிடையாது, சடங்கும் கிடையாது. சுவீகாரம் என்பது நிலம் உள்ளவன் பண்ணுவது, கொள்ளி வைக்கவும் சொத்தைக் காக்கவும். 1956ல் வந்த தத்துச் சட்டம்கூட இந்துக்களுக்கு மட்டும்தான். கிறிஸ்தவர்கள் ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் 1890ஆம் வருசத்துச் சட்டப்படி பாதுகாவலராக இருக்கலாமே தவிரத் தாய் தகப்பன் ஆக முடியாது. 2000த்தில் வந்த இளைஞர் நீதிச் சட்டமும் 2006ல் அதற்குச் செய்த திருத்தமும்தான் அதை மாற்றின. இந்தச் சேதியெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தத்து என்கிற வார்த்தையை எனக்கு முதலில் சொன்னது ஒரு கன்னியாஸ்திரி.

நான் பி.ஏ. மூணாம் வருசம். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் பொம்பளைப் பிள்ளை. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கியிருந்தேன். அவனைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஊர்த்தெருக்காரன். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1991ல் நடந்த கூட்டங்களில் சாதி ஒழிப்பைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசினவன். 1992 டிசம்பரில் மசூதியை இடித்தபிறகு துண்டறிக்கை, கண்டனக் கூட்டம் என்று ஒன்றாகத் திரிந்தோம். பிடித்துத்தான் பழகினேன். ஏமாற்றிவிட்டான் என்று எழுதினால் என்னை நானே விவரம் தெரியாத பிள்ளை ஆக்கிக்கொள்கிறேன். பிப்ரவரியில் விஷயத்தைச் சொன்னபோது, "எங்க வீட்ல தெரிஞ்சா உன்னத்தான் மொதல்ல வெட்டுவாங்க" என்றான். அது பொய் இல்லை. மறுநாள் என் பாட நோட்டை வாங்கி அதற்குள் ஐந்நூறு ரூபாய் வைத்துத் திருப்பிக் கொடுத்தான். அதோடு சரி.

விடுதியில் இருபது பேருக்கு ஒரு குளியலறை. யார் தலைக்குக் குளிக்கவில்லை என்பது ரகசியமாக இருக்காது. அறைத் தோழிதான் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளே ஊருக்கும் கொண்டுவந்து விட்டாள்.

"என்னாடி பண்ணிக்கினு வந்து நிக்கிற?" என்று கேட்டதோடு அம்மா நாலு நாள் பேசவில்லை. அடிக்கவுமில்லை. அஞ்சாம் நாள் ராத்திரி, "எத்தினி நாளாவுது?" என்று கேட்டது. சொன்னேன். விடிந்ததும் சிஸ்டரிடம் போய்விட்டது. அம்மா அந்தக் கான்வெண்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை. என் ரெண்டு அண்ணன்களும் சிஸ்டர் தயவில் படித்தவர்கள். குச்சியை அம்மா நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, பெரியம்மா கண்ணுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் புருசன் எங்கே என்று கேட்பார்கள். அதனால்தான் சிஸ்டர்.

சிஸ்டர் அம்மாவை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். பெரிய விஷயம் அது, எங்கள் அம்மாவை உட்காரச் சொல்வது. "ஆண்டவர் குடுத்த உயிரு. நாம அழிக்கக் கூடாது. டவுன்ல எங்களுக்குத் தெரிஞ்ச இல்லம் இருக்கு. பிள்ளை பொறக்கிறவரைக்கும் அங்க இருக்கட்டும். வெளிய யாருக்கும் தெரியாது. நல்ல குடும்பத்துக்குத் தத்துக் குடுத்திடலாம். பரீட்சையை அடுத்த வருசம் எழுதட்டும்." அம்மா தலையாட்டிவிட்டு வந்தது. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த இல்லத்தில் பதினோரு நாள் இருந்தேன். கொடுமை என்று எழுத மாட்டேன். மூணு வேளை சோறு, சுத்தமான கட்டில். எங்கள் விடுதியைவிடச் சாப்பாடு நன்றாக இருந்தது. ஒன்பது பேர் இருந்தோம். வீட்டு வேலைக்காரிகள், மில்லுக்குப் போன பிள்ளைகள், கட்டட வேலை. யாரும் யாரையும் எப்படி ஆச்சு என்று கேட்கக் கூடாது என்பது விதி. ரெண்டாம் நாளே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அங்கிருந்த ஒன்பதில் ஏழு எங்க சனம். நான் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகாது.

சேர்ந்த அன்றைக்கு ஒரு பாரம் நிரப்பினார்கள். பேர், வயசு, ஊர், சாதி. சாதியைச் சொல்லிவிட்டு, "பொறக்கற பிள்ளைக்கும் இத எழுதுவீங்களா?" என்று கேட்டேன். ஆபீசில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "அது பேப்பர்ல வராதும்மா" என்றது. மடத்து சிஸ்டர் பக்கத்திலிருந்து ஆறுதலாகச் சொன்னார்: "நம்ம ஊர்க்காரங்கதான் நெறம் கேப்பாங்க, சுத்தி வளைச்சு என்னா சாதின்னு கேப்பாங்க. வெளிநாட்டுக்காரங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க. உனக்குக் கறுப்பாப் பொறந்தாலும் கவலப்படாத." நல்ல மனசோடு சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பேப்பரில் சாதி வராது என்பது சாதாரண விஷயமா? நான் ஸ்காலர்ஷிப்புக்கு, விடுதிக்கு, பஸ் பாசுக்கு என்று எத்தனை பாரத்தில் அதை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் எதிரே இருக்கிறவன் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். என் வயிற்றிலிருந்து ஒரு உயிர் வெளியே போய், அதற்குச் சாதியே இல்லாமல், யாரும் அதைத் தள்ளி நில்லு என்று சொல்லாமல், ஏதோ ஒரு பனி பெய்கிற ஊரில் பள்ளிக்கூடம் போகும். மூணு நாள் அந்த ஆசையிலேயே இருந்தேன். பெத்துக் கொடுத்துவிடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

நாலாம் நாள் ஒரு கார் வந்தது. தத்தெடுக்க வந்தவர்கள். வெளிநாட்டுக்காரர்கள் இல்லை, நம் ஊர்க்காரர்கள்தான். அந்த அம்மா கழுத்து நிறைய நகை. நாங்கள் எல்லாம் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோன பிள்ளை எங்களில் ஒருத்தி. அந்த அம்மா சொம்பை வாங்கவில்லை, "வேணாம், கார்ல இருக்கு" என்றது. பிறகு தொட்டிலில் இருந்த பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினது. அது யார் பிள்ளை என்று எங்களுக்குத் தெரியும்.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. என் பிள்ளை பனி பெய்கிற ஊருக்குத்தான் போகும் என்று யார் சொன்னது? இந்த மாதிரி ஒரு வீட்டுக்குப் போகலாம். அந்த வீட்டுச் சாதியைத் தன் சாதி என்று நினைத்து வளரும். எங்கள் ஊர் டீக்கடையில் அப்போது எங்களுக்குத் தனி கிளாஸ்தான். ஒருநாள் அந்தப் பிள்ளை வீட்டுக் கொல்லையில் நெல் தூற்ற எங்கம்மா போய் நிற்கும். அது ஓடிவந்து எங்கம்மாவுக்குத் தனி டம்ளரில் தண்ணீர் ஊற்றும், எட்ட நின்று. கொலை என்கிறார்களே, எனக்கு இந்த நினைப்பைவிட அது பெரிதாகப் படவில்லை.

பின்னால் ஒன்று தெரிந்துகொண்டேன். தமிழ்நாட்டில் பத்து வயசுக்குள் தாய் தகப்பனை இழந்து, பார்க்க ஆள் இல்லாமல், அரசாங்கமோ அரசாங்கம் ஒத்துக்கொண்ட இல்லமோ வளர்க்கிற பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். அனாதை என்பதும் இங்கே பட்டியலில் ஒரு வரிதான். முந்தின வருசம்தான், 1992ல், பெண் சிசுக்கொலையைத் தடுக்க சேலத்தில் அரசாங்கம் தொட்டில் வைத்திருந்தது. கொல்லாதே, என்னிடம் கொடு என்று அரசாங்கம் சொன்னது. பெத்தவளுக்கு என்ன வேண்டும் என்று அந்தத் தொட்டில் கேட்டதாக எனக்குத் தெரியாது.

இப்போது இதையெல்லாம் வைத்து நான் கிளம்பி வந்ததற்கு ஒரு உயர்ந்த காரணம் கட்டிவிடலாம். டம்ளருக்காகத்தான் கலைத்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நிஜம் அது மட்டும் இல்லை. ஏப்ரலில் பரீட்சை. அடுத்த வருசம் எழுதலாம் என்று சிஸ்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார், ஸ்காலர்ஷிப் நின்றுபோனால் அடுத்த வருசம் என்று ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது. ஆறு மாசம் எங்கே போனாய் என்று தெருவே கேட்கும். பிரசவ வலியைப் பார்த்து வேறு பயந்துவிட்டேன், அந்தப் பதினோரு நாளில் ரெண்டு பிரசவம் நடந்தது. எனக்கு வேண்டாமாக இருந்தது. அவ்வளவுதான். வேண்டாம் என்பதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. "நீ செய்யறது கொலை" என்றார். ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய் முப்பது ரூபாய் எடுத்துவந்து, "பஸ்ஸுக்கு" என்றார். இந்த ரெண்டும் ஒரே ஆள்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மா பயந்தமாதிரியே, "புருசன் கையெழுத்து இல்லாம முடியாது" என்றார்கள். அம்மாவுக்கு ஒரு தம்பி, செங்கல் சூளை வேலை, இருபத்தாறு வயசு. தாய்மாமன்தானே, முறைதானே என்று அதைக் கூட்டிவந்து என் புருசன் என்று நிறுத்தியது. மாமா கையெழுத்துப் போட்டது, கை நடுங்கியது. அந்தக் கையெழுத்தே தேவையில்லை என்று எனக்குத் தெரியப் பல வருசம் ஆனது. பதினெட்டு முடிந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று 1971 சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு இருபது. நான் ஒருத்தி போதும். ஆனால் கருத்தடை தவறி உண்டான கர்ப்பம் என்கிற இடத்தில் மட்டும் அந்தச் சட்டம் 'மணமான பெண்' என்றுதான் பேசியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மொத்த வாசலையும் அடைத்துவிட்டார்கள்.

உள்ளே நடந்ததை நீட்ட வேண்டாம். "காலனியா?" என்று ஒரு கேள்வி. "படுக்கும்போது வலிக்கலியா?" என்று ஒரு கேள்வி. ரெண்டுக்கும் நான் பதில் சொல்லவில்லை. சாயந்திரம் பஸ்ஸில் திரும்பும்போது மாமா மெதுவாக, "நெசமாவே கட்டிக்கட்டுமா பாப்பா?" என்று கேட்டது. நான் சிரித்துவிட்டேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. ஏப்ரலில் பரீட்சை எழுதினேன். இரண்டாம் வகுப்பு.

அதோடு முடியவில்லை. 1996ல் எனக்குக் கல்யாணம். ரெண்டு வருசம் பிள்ளை இல்லை. மாமியார் பேசாத பேச்சில்லை. நான் மட்டும் உள்ளுக்குள், சிஸ்டர் சொன்னது பலித்துவிட்டதோ என்று செத்துக்கொண்டிருந்தேன். 1998ல் புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, "காப்பர்-டி வச்சிருக்கியே, அப்புறம் எப்படிம்மா கொழந்த நிக்கும்?" என்றார். யார் வைத்தது? 1993ல் என்னைக் கழுவி அனுப்பினவர்கள் கேட்காமல் சொல்லாமல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இவளுக இப்படித்தான் திரும்பத் திரும்ப வருவாளுக என்று நினைத்திருப்பார்கள். அஞ்சு வருசம் அது என் வயிற்றுக்குள் இருந்தது. எடுத்த அடுத்த வருசம் மகன் பிறந்தான்.

பெண்கள் கூட்டங்களுக்குப் போகும்போது, கலைக்கும் உரிமை என் உரிமை என்று கோஷம் போடுவோம். நானும் போடுவேன். போடும்போதெல்லாம் அந்த வளையம் ஞாபகம் வரும். பெத்துக்கொள்ளவும் எங்களை விடவில்லை என்பதை அந்தக் கோஷத்துக்குள் எப்படி நுழைப்பது என்று தெரியாமல் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அடுத்த கட்டில்காரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திண்டிவனத்துப் பக்கம். பத்தொன்பது வயசு, என்னைவிட ஒரு வயசு சின்னவள். சென்னையில் வீட்டு வேலை. அந்த வீட்டுப் பையன். அவள் இல்லத்துக்கு வரும்போதே ஆறு மாசம். எனக்காவது ரெண்டு வழி இருந்தது. அவளுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. இருபது வாரத்தோடு சட்டம் கதவைச் சாத்தியிருந்தது. நான் கிளம்பும்போது, "நீ போயிடுவ, நான் என்னாக்கா பண்ணுவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகவரி எழுதிக் கொடுத்தேன்.

மே மாசம் பெண் குழந்தை. ரெண்டு நாள் பால் கொடுக்க விட்டார்களாம். மூணாம் நாள் ஒரு பேப்பரில் கைநாட்டு. அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் படித்துக் காட்டவில்லை. பிள்ளையைக் கொண்டுபோன பிறகு பால் கட்டிக்கொண்டு நெருப்பாகக் காய்ந்திருக்கிறது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கிருந்து அவள் மல்லிகைப்பூ வைப்பதில்லை. கல்யாணத்தன்றுகூடக் கனகாம்பரம்தான். மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது.

இப்போது சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. 2015 சட்டப்படி, பிள்ளையை ஒப்படைக்கிற தாய் குழந்தைகள் நலக் குழு முன்னால் போக வேண்டும். அவளுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாற அறுபது நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். இதை நான் அவளுக்குப் படித்துக் காட்டியபோது, "அறுவது நாளா?" என்று ரெண்டு தடவை கேட்டாள். அப்புறம் விரலை மடக்கி எண்ணினாள். ஏன் எண்ணினாள் என்று நான் கேட்கவில்லை.

2005ல், சென்னையில் ஏழை சனங்களின் பிள்ளைகளைத் திருடி வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று போலீஸ் விசாரணையில் வெளியே வந்தது. பேப்பரைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு விடியற்காலையில் என் வீட்டுக்கு வந்து நின்றாள். "நான் குடுத்ததுதானேக்கா, திருடலியே. ஆனா அதுவும் அந்தக் கட்டுல போயிருக்குமா?" ரெண்டு பேரும் அந்த இல்லத்தைத் தேடிக்கொண்டு போனோம். அந்த இடத்தில் வேறு கட்டடம் நின்றது. வாட்ச்மேனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தத்துப்போன பிள்ளை வளர்ந்து தன் வேரைத் தேட விதிகளில் வழி வைத்திருக்கிறார்கள். அது தேடினால்தான் உண்டு. பெத்தவள் காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவையும் எழுத வைத்தது என் அண்ணன் மகள். 2023ல் ஒருநாள் ராத்திரி போன் பண்ணினாள். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை, ஹாஸ்டல், இருபத்திரண்டு வயசு. "அத்த, அம்மாகிட்ட சொல்லாத" என்று ஆரம்பித்தாள். எட்டு வாரம். அவளுக்கும் ரெண்டு பேர் ரெண்டு யோசனை சொல்லியிருந்தார்கள். கூட வேலை செய்கிற பெண் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள் என்றாள். ஹாஸ்டல் வார்டன் பெத்துக் கொடுத்துவிடு, எனக்குத் தெரிந்த நல்ல இடம் இருக்கிறது என்றாள். முப்பது வருசம் கழித்து அதே ரெண்டு வாசல்.

கடையில் வாங்கிப் போடாதே, டாக்டரைப் பார்ப்போம் என்று கூட்டிப்போனேன். 2021ல் சட்டத்தைத் திருத்தி, 'மணமான பெண்' என்று இருந்ததைப் 'பெண்' என்று ஆக்கிவிட்டார்கள். புருசன் என்கிற இடத்தில் துணைவர் என்று வந்துவிட்டது. கல்யாணம் ஆகாதவளை ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பும் சொல்லிவிட்டது. இதெல்லாம் என் பையில் நகலாக இருந்தது. சீட்டு எழுதுகிற பெண் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டது: "ஹஸ்பெண்ட் வரலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், "ஹஸ்பெண்ட் இல்ல. எனக்கு இருவத்திரெண்டு வயசு. என் கையெழுத்து போதும்." அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே எழுதியது. எனக்கு அந்த இடத்தில் அம்மாவும் மாமாவும் நின்ற மாதிரி இருந்தது.

வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போதுதான் என் கதையை முதல்தடவையாக அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "உனக்கு வருத்தமா இருக்கா அத்த?" என்றாள். கலைத்ததற்கு இல்லை என்றேன். வளையத்துக்குக் கோபம் இருக்கிறது. மார்ச் மாசம் வந்தால் சில நாள் ஒன்றும் பிடிக்காமல் இருக்கும், அது வருத்தமா என்று தெரியவில்லை. "கட்டில்காரி அத்தைக்கு?" என்று கேட்டாள். அதை அவளைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அன்றைக்கு உள்ளே போய் என் மருமகள் என்ன முடிவு சொன்னாள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதுவதானால் அவள் எழுதட்டும்.

அதே வருசம் மே மாசம் கட்டில்காரி போன் பண்ணியிருந்தாள். ஒவ்வொரு வருசமும் அந்த வாரத்தில் பண்ணுவாள். வெயில், நூறு நாள் வேலை, மகனுக்குப் பெண் பார்ப்பது என்று எதையெதையோ பேசிவிட்டு, வைக்கப் போகும்போது சொன்னாள்.

"அதுக்கு முப்பது முடியுதுக்கா. கல்யாணம் ஆயிருக்கும் இல்ல?"

"ஆயிருக்கும்" என்றேன்.